இன்னொரு தடவை கொட்டுங்கண்ணே

கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டிருந்தேன். அனுப்புபவர், செய்தி, ஊடகம், பெறுபவர். நான்கையும் அம்புக்குறியால் இணைத்துவிட்டு, குறுக்கே கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்து அதன் மேல் 'இரைச்சல்' என்று எழுதினேன். தர்மபுரியில் ஒரு கலைக் கல்லூரியில் மக்கள் தொடர்பியல் நடத்துகிறேன். வருடா வருடம் முதல் வாரத்தில் இந்தப் படம்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட்டுக் காட்டுவேன்.

கடைசி பெஞ்சில் இரண்டு பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்கு வகுப்பில் போன் எடுத்தால் பற்றிக்கொண்டு வரும். போய்க் கையை நீட்டினேன். ஒருத்தி பயந்துபோய்ப் போனைக் கொடுத்தாள். திரையில் ஒரு ஸ்டிக்கர். தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஓர் ஆள், கண் இரண்டும் மூடிப்போகும் அளவுக்கு வாய் நிறையச் சிரிக்கிறான். கீழே 'ஜாலி மூட்' என்று எழுதியிருந்தது. பார்த்தால் என் தம்பி.

சும்மா ஒரு ஸ்டிக்கர் மேடம், எல்லார்கிட்டயும் இருக்கு என்றாள் அந்தப் பெண். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு அது யார் என்றே தெரியாது. இவன் என் கூடப்பிறந்தவன், பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவன், இந்தச் சிரிப்பால் அவன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? மதியத்துக்குள் மேடத்தோட தம்பிதான் அந்த ஸ்டிக்கராம் என்று கல்லூரி முழுக்கப் போயிருக்கும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாடத்தைக் கவனிங்க என்று மட்டும் சொன்னேன். பலகைக்கு வந்து, எழுதியிருந்த 'இரைச்சல்' மேலேயே மறுபடி அழுத்தி எழுதினேன்.

அன்றைக்கு அது அவ்வளவு சுட்டதற்குக் காரணம் உண்டு. முந்தின நாள் சாயங்காலம்தான் தம்பி போனில் ஒரே பேச்சாகப் பேசி முடித்திருந்தான். என் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தோம், தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள். சீர்த்தட்டு, புதுத்துணி, கம்மல் எல்லாம் கொடுத்து அனுப்புகிறேன், ஆனால் நான் வரமாட்டேன் என்றுவிட்டான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று சொல்ல அவன் ஒருவன்தான். அவன் வராத காது குத்து எனக்கு எதற்கு?

அந்தச் சிரிப்பு எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தக்காளி விலை தரையோடு தரையாகக் கிடந்த ஒரு பருவம். பறிப்புக் கூலிக்கும் வண்டி டீசலுக்கும்கூடக் கட்டாத விலை. மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போன பழத்தை எடுக்க ஆளில்லாமல் தம்பி திருப்பிக்கொண்டு வந்தான். இப்படித் திரும்புகிற பழத்தை ஊர் ஏரிக்குள் கொட்டிவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். ஏரியில் தண்ணீர் இல்லாத நாளில் மாடும் ஆடும் அங்கேதான் மேயும், தின்றுவிட்டுப் போகட்டும் என்று விடுவார்கள். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை யாரும் ஒப்பாரியாக வைப்பதில்லை. கொட்டிவிட்டு, பழம் ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு அந்த வழியாக ஒரு டிவி சேனல் கார் வந்தது. நிருபர் ஒருவர், கேமராக்காரர் ஒருவர். இறங்கி வந்து, பழத்தைக் கொட்டுவதைப் படம் எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். தம்பியும் எடுத்துக்குங்க என்றான். இரண்டு கிரேட் கொட்டியதும் நிருபருக்குத் திருப்தியில்லை. ஏரியில் கொட்டினால் மாட்டுக்குத் தீனி போடுகிற மாதிரி தெரியுது என்றாராம். மாட்டுக்குத்தாங்க போடறன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதோடு அந்த ஆள் கிளம்பிப் போயிருக்க வேண்டும். செய்தி அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் அவருக்கு வேண்டியது செய்தி இல்லை, காட்சி. ரோட்டுக்கு வந்து தார் மேலே கொட்டினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

இங்கேதான் என் தம்பி அந்தத் தப்பைச் செய்தான். எங்கள் ஊர் ஆள் யாராக இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். வந்தவர்கள் கேட்டால் முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. வெயிலில் வந்திருக்கிறார்களே என்று முதலில் இளநீர் வெட்டிக் கொடுத்தான். பிறகு ஏரியில் கொட்டிய பழத்தையே மறுபடி கிரேட்டில் அள்ளி, வண்டியில் ஏற்றி, ரோட்டில் கொண்டுபோய்க் கொட்டினான். குறுக்கே லாரி வந்துவிட்டது. இன்னொரு தடவை கொட்டுங்கண்ணே என்றார் நிருபர். மறுபடி அள்ளிக் கொட்டினான். வெளிச்சம் எதிரே அடிக்கிறது, இந்தப் பக்கம் நின்று இன்னொரு தடவை. கொட்டியதைக் கொட்டிக் கொட்டி பழம் குழம்பாகிவிட்டது. முகத்தைக் கொஞ்சம் சோகமா வெச்சிக்கங்கண்ணே என்றும் சொல்லியிருக்கிறார்.

தம்பிக்குச் சோகமாக முகம் வைக்கவே தெரியாது. சின்னதிலிருந்து அவன் சிரிப்பு ஊரில் பேர் போனது. இழவு வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போகவே எங்கள் அம்மா பயப்படுவார். அன்றைக்கும் முகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். பக்கத்து வீட்டுக் கிடேரிக் கன்று ஒன்று பழ வாசனைக்கு ரோட்டுக்கே ஏறி வந்து, பின்னால் நின்று அவன் தலைத்துண்டைக் கவ்வி இழுத்தது. அவ்வளவுதான். பொங்கிச் சிரித்துவிட்டான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரிச் செய்தியில் சிரிப்பு வரவில்லை. சோகமான இசை போட்டு, பழம் விழுவதை மெதுவாக ஓட்டி, 'கண்ணீரில் தக்காளி விவசாயி' என்று போட்டார்கள். தம்பி போன் பண்ணி, யாருக்கா அழுவுறது, நான் அழுவலியே என்று கேட்டு அதற்கும் சிரித்தான். ஊரில் எல்லோருக்கும் பெருமை. என் வகுப்பிலும் அந்தத் துண்டுப்படத்தைப் போட்டுக் காட்டி, செய்தி எப்படிக் கட்டப்படுகிறது என்று பாடம் நடத்தினேன். அப்போது எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருடம் தக்காளி விலை தாறுமாறாக ஏறியது. ரசத்துக்குப் பாதிப் பழம் போட்ட காலம். எங்கேயோ யாரோ அந்தச் சிரிப்பை வெட்டி எடுத்து வெளியே விட்டார்கள். ஏரியும் இல்லை, மாடும் இல்லை, நிருபரின் குரலும் இல்லை. ரோடு முழுக்கப் பழம், நடுவில் நின்று ஒருவன் சிரிக்கிறான். மேலே எழுத்து: 'விலையை ஏற்றத் தக்காளியை ரோட்டில் கொட்டும் கும்பல். சிரிப்பைப் பாருங்கள் மக்களே.'

பார்த்தார்கள் மக்கள். எனக்கே எங்கள் குடும்ப குரூப்பில்தான் வந்தது. அனுப்பியது எங்கள் சித்தி. கீழே, இவனை எல்லாம் உதைக்கணும் என்று வேறு எழுதியிருந்தார். பிறந்ததிலிருந்து பார்த்த முகம்! அந்த எழுத்தைப் படித்த வேகத்தில் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போன் போட்டுக் கத்தியதும், அய்யய்யோ நம்ம பையனா, வந்தத அப்பிடியே தள்ளி வுட்டுட்டன் கண்ணு என்றார். தள்ளிவிட்டதை அழிக்கச் சொன்னேன். எத்தனை குரூப்புக்கு அனுப்பினோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். கிடேரிக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடி வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொந்தக்காரர் அனுப்பியது. அதே சிரிப்பு, கன்னடத்தில் குரல் கொடுத்திருக்கிறார்கள். இவன் கோலார் பக்கத்து வியாபாரி என்றும், குடோனில் பதுக்கிய பழத்தை அழுகவிட்டுக் கொட்டுகிறான் என்றும் அந்தக் குரல் சொன்னதாம். அக்கா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, தம்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். படத்துலருந்து நம்ம மாட்டக் கூட வெட்டிட்டாங்களே என்று அக்காவுக்கு ஒரே ஆத்திரம்.

தம்பி தன் வண்டியை வாடகைக்கும் ஓட்டுவான். அப்படி ஓட்டுகிற வண்டிகளில் கதவில் போன் நம்பர் எழுதியிருப்பார்கள் இல்லையா, அந்த வீடியோவில் அதுவும் தெரிந்தது. பகல் முழுக்க அழைப்பு. திட்டுகிறவர்கள், சாபம் விடுகிறவர்கள், சிரித்துக் காட்டுடா என்று கேட்கிறவர்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கியிருக்கிறான். ஏனுங்க, அது விலை இல்லாதப்ப எடுத்ததுங்க, மாட்டுக்குப் போட்டதுங்க என்று. ஒருவர்கூட முழுசாகக் கேட்கவில்லை. பாலக்கோட்டு பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மா வெறும் கூடையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே காட்டி, என் புள்ளைங்க வயித்துல அடிச்சிட்டுச் சிரிக்கிறியே என்று கேட்டாராம். அதை மட்டும் அவனால் தாங்க முடியவில்லை. அந்த அம்மா மேலே கோபம் இல்லக்கா, அவங்க கூடை நெசமாவே காலியா இருந்துச்சு என்றான்.

பிறகு விலை இறங்கியது. ஜனங்களின் கோபமும் இறங்கியது. சிரிப்பு மட்டும் போகவில்லை. அது ஸ்டிக்கராகிவிட்டது. சம்பளம் வந்தால் என் தம்பி, லீவு விட்டால் என் தம்பி, மாமியார் ஊருக்குப் போனால் என் தம்பி. திட்டியவர்களையாவது எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இவர்கள் யாருக்கும் அவன் மேல் கோபமே இல்லை. அவன் ஒரு மனுஷன் என்றே தெரியாதவர்களிடம் போய் என்ன சொல்வது? எனக்கு வயிறு எரிந்தது.

சும்மா எரிந்துகொண்டு உட்காரவில்லை நான். படித்தவள் அல்லவா, சேனலுக்கு எழுதினேன். பதில் இல்லை. அந்த நிருபரின் நம்பரை அலைந்து பிடித்துப் பேசினேன். அவர் வேறு சேனலுக்குப் போயிருந்தார். நாங்க சிரிப்பைப் போடவே இல்லையே மேடம், அது எடிட்டிங்கில் கழித்த ஃபுட்டேஜ், எப்படி வெளியே போனதுன்னு எங்களுக்கும் தெரியாது என்றார். நியாயமாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. 'சிரித்தது ஏன்?' என்று ஒரு ஸ்டோரி பண்ணலாமாம். உங்க தம்பியைப் பேச வைக்கலாம், அதே ரோட்டில், முடிந்தால் கொஞ்சம் தக்காளியும் வாங்கிக் கொட்டி. நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதி நானே ஒரு பதிவு போட்டேன். கிடேரி உட்பட எதையும் விடவில்லை. என் மாணவர்கள் சிலர், கூட வேலை செய்கிற சிலர் படித்தார்கள். பாராட்டுகிறேன் மேடம், அருமையான நடை என்று ஒருவர் எழுதினார். நடையாம், நடை. இன்னொருவர், இதற்கு எந்தக் கட்சி பணம் கொடுத்தது என்று கேட்டார். அந்தச் சிரிப்பு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது, என் விளக்கம் எங்கள் காலேஜ் கேண்டீனைத் தாண்டவில்லை. 'பின்னூட்டம்' என்று ஒரு பாடம் வரும். பெறுபவரிடமிருந்து அனுப்புபவருக்குப் பதில் திரும்பி வரும் என்று வளைந்த அம்பு ஒன்று போட வேண்டும். அந்த அம்பைப் போடும்போதெல்லாம் எனக்கு இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தம்பி சிரிப்பதை விட்டுவிட்டான். கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே விட்டான். வீட்டுக்குள் ஏதாவது வேடிக்கை நடந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். வெளியே போனால் மாஸ்க். கொரோனா போய் எவ்வளவு காலம் ஆயிற்று, இன்னும் அந்த நீல மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உரக்கடைக்குப் போவான். மண்டிக்குப் பழத்தை வேறு வண்டியில் ஏற்றி விடுவான். உறவில் மூன்று கல்யாணத்துக்குப் போகவில்லை.

இதெல்லாம் தெரியாத ஒரே ஆள் என் மகள். அவளுக்கு வயது மூன்று. என் போனில் அந்த ஸ்டிக்கரைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் அழித்தால் அவள் அப்பா போனில் தேடி எடுப்பாள். அதை அமுக்கி, மாமா சிரிக்குது, மாமா சிரிக்குது என்று அதற்கு முத்தம் கொடுப்பாள். அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினால் மாமா வேணும் என்று புரண்டு அழுவாள். நான் படாத பாடு பட்டேன்.

ஸ்டிக்கரை வகுப்பில் பார்த்த அந்த வாரக் கடைசியில் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். தம்பி தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைச் சரி செய்துகொண்டிருந்தான். சாப்பிட்டியாக்கா என்று கேட்டான். நான் நேரே சண்டைக்குப் போனேன். யாரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் பயந்து உன் அக்கா பிள்ளையை விட்டுவிடுவாயா, உன் மடி இல்லாமல் நான் யார் மடியைத் தேடிப் போவேன் என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. அவன் குழாயைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான்.

"பயமில்லக்கா. மண்டபத்துக்கு வர்ரவங்க மொதல்ல என் மூஞ்சியப் பாப்பாங்க. அப்பறம் குனிஞ்சி போனப் பாப்பாங்க. மறுபடி மூஞ்சியப் பாப்பாங்க. அது என்னால ஆவலக்கா."

அவன் சொன்னதுதான் நடக்கும் என்று எனக்கும் தெரியும். வீடியோ கிடையாது, போன் கிடையாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஒரு காலி கிரேட்டை எடுத்துக்கொண்டேன். எதுக்கு என்று கேட்டான். போனைப் போட்டு வைக்க என்றேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும், துண்டு வாய்க்குப் போயிற்று.

வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் கணவர் எல்லாம் பேசி முடித்திருக்கிறார். வீடியோ, ட்ரோன், பெங்களூரில் இருக்கிற அவர் அக்கா வீட்டுக்காக லைவ். முன்பணமும் கொடுத்தாயிற்றாம். அந்த வாரம் எங்கள் வீட்டில் அடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரே குழந்தை, அதன் காது குத்தையும் படம் எடுக்காமல் எதைத்தான் எடுப்பது என்பது அவர் கட்சி. தப்பென்று எப்படிச் சொல்வேன்? கடைசியில் வீடியோ, ட்ரோன், லைவ் மூன்றும் ரத்தாயின. போட்டோ மட்டும் இருக்கட்டும், ஒரே ஒரு போட்டோகிராபர், அந்தப் படமும் நம் கைக்கு மட்டும்தான் வர வேண்டும் என்று இறங்கி வந்தார். நானும் இறங்கினேன்.

காது குத்தன்று மண்டப வாசலில் பன்னீர்ச் செம்புக்கும் கல்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் அந்தக் கிரேட்டை வைத்தேன். தயவுசெய்து போனை இதில் வைத்துவிட்டு உள்ளே போங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் கையைக் கூப்பினேன். ஒரு பெரியவர் தன் பட்டன் போனைப் போட்டார். அதோடு சரி. மற்றவர்கள், டீச்சரம்மா மண்டபத்தையும் காலேஜ் ஆக்கிட்டாங்க என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். என் சித்தி, அவசரத்துக்கு வேணும் கண்ணு என்று போனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். என்ன அவசரமோ.

நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. குழந்தைக்கு மலைமேல் முடி இறக்கிக் குளிப்பாட்டிக் கூட்டி வந்தாயிற்று. காது குத்த வந்த ஆசாரி கம்பியைச் சுத்தம் செய்து தயாராக உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மகன் ஒருவனை உட்கார வைக்கலாமா, அவனும் மாமன் முறைதானே என்று பேச்சு தொடங்கிவிட்டது. கொஞ்சம் பொறுங்க என்று நான் சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தேன். பொறுங்க என்று சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது.

வந்தான். சீர்த்தட்டைப் பின்னால் பெண்கள் தூக்கி வர, தம்பி முன்னால் வந்தான். புது வேட்டி, புதுத் துண்டு, அதே நீல மாஸ்க். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்தில் பேச்சு குறைந்தது. சிலர் அவனைப் பார்த்தார்கள், பிறகு குனிந்தார்கள். சொன்னபடியேதான் நடந்தது. அவன் யாரையும் பார்க்காமல் போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்தவள் அந்த மாஸ்க்கைப் பார்த்து மிரண்டாள். வேணாம், வேணாம் என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். மாமாடா கண்ணு, மாமா என்று தம்பி மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னான். அவள் நம்பவில்லை. மாமா இல்லை என்று அலறினாள். ஆசாரி என்னைப் பார்த்தார், நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மாஸ்க்கைக் கழற்றிப் பாய்க்குக் கீழே வைத்தான்.

அவள் அழுகையை நிறுத்தினாள். ஈரக் கண்ணோடு அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். முகம் சரிதான், ஆனால் ஏதோ குறைகிறது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்து, உதட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாள்.

"மாமா, சிரி. போன்ல சிரிப்பல்ல, அப்பிடி சிரி."

மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு உயிரே போயிற்று. பாவி மகளே என்று மனதுக்குள் கத்தினேன். தம்பியின் முகம் இறுகியது. எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும், அவன் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

கிடேரியைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பிள்ளைகள் கோபம் வந்தால் எதையாவது கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தம்பிக்கு அந்த ரோடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முதலில் தோள் குலுங்கியது. பிறகு கண் இரண்டும் மூடிக்கொண்டன. வாய் திறந்து, முன்பு சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான். மண்டபம் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. அவள் இதுதான், இதுதான் என்று கை தட்டினாள். ஆசாரி கெட்டிக்காரர், அந்தச் சந்தில் ஒரு காதைக் குத்திவிட்டார். அவள் வீரிட்டு அழ, இவன் அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சிரிப்பும் கண்ணீருமாக இருந்தான். மறுகாதும் முடிந்தது.

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். ஒன்றிரண்டு கைகள் போனோடு மேலே எழும்பியிருந்தன. போனை இறக்குங்க என்று வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். இறக்கினார்கள். அதற்குள் என்ன எடுத்தார்களோ, எங்கே போகப்போகிறதோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஓடி வந்து பாய்க்கு முன்னால் மண்டியிட்டார். நல்ல பையன், வேலையில் அக்கறை உள்ளவன்.

"அண்ணே, அந்தச் சிரிப்பு மிஸ்ஸாயிடுச்சு. பாப்பாவ அப்படியே வெச்சிக்கிட்டு இன்னொரு தடவை சிரிங்கண்ணே."

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி என்னைக் கையமர்த்தினான். அந்தப் பையனை மரியாதையாகவே பார்த்தான். அவன் கோபப்படவில்லை. வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த அதே குரலில்தான் சொன்னான்.

"இல்லீங்க தம்பி. ஒருக்காதான். பாத்தவங்க பாத்துட்டாங்க."

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு நடந்தான். பாய்க்கு அடியில் வைத்த மாஸ்க்கை அவன் எடுத்துக்கொள்ளவில்லை.